பளு ஏறும்போது தெரிவது

"வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று வந்து நிற்பவரிடம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சுத்துதா, சுத்தலையா?" அனேகமாக வண்டிக்காரருக்குப் பதில் தெரிந்திருக்காது. வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தவருக்குக் கார் கிளம்பவில்லை என்பது மட்டும்தான் மனதில் பதிந்திருக்கும். கிளம்பாதபோது அது என்ன சத்தம் போட்டது என்பது காதில் விழுந்திருக்காது. எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "நீங்க உள்ள உக்காந்து ஒருக்கா சாவியப் போடுங்க" என்பார். தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த ஒரு திருப்பலில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றி, பற்றிக்கொள்ள மட்டும் மறுத்தால் செல்ஃப் மோட்டார் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் வரவில்லையா, பொறி விழவில்லையா என்று வேறு பக்கம் போய்த் தேட வேண்டும். இன்ஜின் சுற்றவே இல்லையென்றால், எப்படிச் சுற்றவில்லை என்பது அடுத்த கேள்வி. சத்தமே இல்லாமல் கிடக்கலாம். அழுத்தமாக ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றுவிடலாம். 'டகடகடக' என்று விடாமல் அடிக்கலாம். இன்ஜினைத் தொடாமல் மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று தனியாக ஓடலாம். பல்லும் பல்லும் உரசி 'கர்ரக்' என்று அறுக்கலாம். பாரம் தாங்காமல் இழுத்து இழுத்து முனகலாம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் கைகாட்டுகின்றன. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, தேட வேண்டிய இடத்தைக் காது பாதிக்கும் மேல் சுருக்கிவிடுகிறது.

செல்ஃப் மோட்டாரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். காரின் பாகங்களிலேயே செய்யாத குற்றத்துக்கு அதிகம் தண்டனை பெறுவது இதுதான் என்பது என் எண்ணம். பேட்டரி செத்தாலும், கேபிள் அரித்தாலும், சாவித் தொடர்பு தேய்ந்தாலும், எர்த் கழன்றாலும் கடைசியில் சுற்றாமல் நிற்பது இதுதான். வரிசையின் கடைசியில் நிற்பதால் பழி இதன்மேல் விழுகிறது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள். மாட்டும் சாக்கில் அழுக்குப் பிடித்த டெர்மினலைச் சுரண்டி இறுக்கியதில் பழுது நீங்கிவிடுகிறது. பேர் புது மோட்டாருக்குப் போகிறது. பழைய மோட்டார் பழுதே இல்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

இந்த இயந்திரத்தின் குணம் புரிந்தால் அதன் நோயும் புரியும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் கல்லாப்பெட்டி இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் இருந்தார். கல்லாப்பெட்டியைக் கையால் முறுக்காமல் மின்சாரத்தால் திறக்க வைக்கும் வேலை அவருடையது. அதற்கு நாள் முழுவதும் ஓடும் மோட்டார் தேவையில்லை, ஒரு கணம் மூர்க்கமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும் சிறிய மோட்டார் போதும் என்று அவர் கண்டுகொண்டார். பின்னால் டெல்கோ என்ற தம் நிறுவனத்தைத் தொடங்கி, அதே எண்ணத்தைக் காருக்குக் கொண்டுபோனார். 1911-இல் செய்துகாட்டினார். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது வந்துவிட்டது. இன்ஜினைச் சுற்றத் தேவையான பலமுள்ள மோட்டாரை நாள் முழுக்க ஓடும்படி கட்டினால் அது காருக்குள் அடங்காது என்று அன்று பலர் நினைத்தார்கள். தாங்க வேண்டியதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை அதற்குள் செலுத்தலாம், ஆனால் சில நொடிகளுக்கு மட்டும் என்பதுதான் கெட்டரிங்கின் துணிவு.

ஆக, இது பிறப்பிலேயே அளவுக்கு மீறி உழைக்கும்படி படைக்கப்பட்ட மோட்டார். ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 2 நொடி என்றும் நாளைக்கு 6 முறை என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 நொடி. ஆண்டுக்கு 73 நிமிடம். 10 ஆண்டு உழைத்த செல்ஃப் மோட்டாரின் மொத்தப் பணிக்காலம் ஏறத்தாழ 12 மணி நேரம். அந்தப் 12 மணி நேரத்தின் ஒவ்வொரு நொடியிலும் அது சிறிய பெட்ரோல் காரில்கூட 100, 150 ஆம்பியரைக் குடிக்கிறது. அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. வீட்டு மின்விசிறி அரை ஆம்பியருக்கும் குறைவாக எடுப்பது. விடாமல் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் செம்புச் சுருள் பழுத்துவிடும். 10 நொடிக்கு மேல் இழுக்காதே, அரை நிமிடமாவது ஆறவிடு என்று கையேடுகள் சொல்வது இதனால்தான். கிளம்பாத காரில் ஆத்திரத்தோடு சாவியை முறுக்கிப் பிடிப்பவர், இல்லாத பழுதை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

இது வருவதற்கு முன் முன்பக்கத்தில் கைப்பிடி செருகிச் சுற்ற வேண்டும். நம் ஊரில் அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு அது மறந்திருக்காது. டிக்கியில் அந்தக் கம்பி எப்போதும் கிடக்கும். பேட்டரி கைவிட்ட காலையில் பம்பர் ஓட்டை வழியாக நுழைக்க வேண்டும். பழகியவர்கள் கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபக்கம் சுற்றிப் பிடிக்க மாட்டார்கள். மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுப்பார்கள். இன்ஜின் நேரங்கெட்டுப் பற்றிக் கைப்பிடியைத் திருப்பி அடித்தால் விரல்கள் தானாக விடுபட வேண்டும் என்பதற்காக. விடுபடாத கைகளில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறியும். ஆரை எலும்பின் நுனியில் ஏற்படும் அந்த வகை முறிவுக்கு எலும்பு மருத்துவத்தில் இன்றைக்கும் ஓட்டுநர் முறிவு என்றுதான் பெயர். செல்ஃப் மோட்டார் ஒரு சொகுசாக வந்ததில்லை. கை முறியாமல் இருக்க வந்தது.

இப்போது 'டகடகடக' சத்தத்துக்கு வருகிறேன். என் மனதுக்கு மிகப் பிடித்த பழுது இது. முழுக் கதையையும் அதுவே சொல்லிவிடுகிறது, ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோட்டாரின் முதுகில் ஒரு சிறு உருளை இருக்கும், சோலினாய்டு. சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் அதைத்தான் எழுப்புகிறது. அதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்று இழுக்கும் சுருள், பலமானது. மற்றது பிடிக்கும் சுருள், மெலிந்தது. சாவி திரும்பியதும் இரண்டும் சேர்ந்து ஒரு இரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றன. தண்டு நகரும்போது ஒரு முனையில் இருக்கும் நெம்புகோல், பினியன் என்கிற சிறு பற்சக்கரத்தை முன்னுக்குத் தள்ளி ஃப்ளைவீலின் பல்லோடு கோக்கிறது. மறுமுனையில் ஒரு செம்புத் தகடு இரண்டு தடித்த போல்ட்டுகளைத் தொட்டுப் பேட்டரியை நேராக மோட்டாரோடு இணைக்கிறது.

அழகு இனிமேல்தான். இழுக்கும் சுருளின் ஒரு முனை சாவியின் மின்சாரத்தில் இருக்கிறது, மறுமுனை மோட்டாரின் வழியாக எர்த் ஆகிறது. செம்புத் தகடு தொட்டதும் அந்த மறுமுனைக்கும் பேட்டரியின் முழு அழுத்தம் வந்துவிடுகிறது. இரு முனையிலும் ஒரே அழுத்தம் என்றால் நடுவில் மின்சாரம் ஓடாது. இழுத்து முடித்த சுருள், யாரும் சொல்லாமலே ஓய்ந்துவிடுகிறது. பிடிக்கும் சுருள் மட்டும் தண்டைத் தாங்கிக்கொள்கிறது. கூடுதலாக ஒரு சுவிட்சுகூட இல்லை; வயர் எங்கே போய் முடிகிறது என்பதைக் கொண்டே இவ்வளவும் நடக்கிறது.

பேட்டரி பலமிழந்திருந்தால் என்ன ஆகும்? சுருள்களை எழுப்ப அதற்குச் சக்தி இருக்கிறது. தண்டு உள்ளே போகிறது. தகடு தொடுகிறது. மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கேட்கிறது. அந்தக் கணத்தில் பேட்டரியின் அழுத்தம் சரிந்துவிடுகிறது. பிடிக்கும் சுருளுக்குத் தாங்க முடிவதில்லை. ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளுகிறது, தகடு விலகுகிறது. பளு போனதும் பேட்டரி மூச்சு விட்டு எழுகிறது. மறுபடி இழுப்பு, மறுபடி சரிவு. ஒரு நொடிக்குள் பல முறை. வெளியே நமக்குக் கேட்பது 'டகடகடக'. அந்தச் சத்தம் பெரும்பாலும் பேட்டரியின் பலவீனத்தையோ, அதன் டெர்மினலின் பலவீனத்தையோ சொல்கிறது. சோலினாய்டும் மோட்டாரும் தம் பங்கை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செய்ததால்தான் அந்தச் சத்தமே எழுகிறது. பிடிக்கும் சுருள் அறுந்திருந்தாலும் இதே போலத் துடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது அபூர்வம். சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்பதற்காக மோட்டாரைக் கழற்றுபவர், வலி தெரிவித்தவரையே குற்றவாளி ஆக்குகிறார்.

ஒற்றை 'டக்' வேறு கதை. தண்டு உள்ளே போயிற்று, அங்கேயே நின்றும்விட்டது. ஆனால் மோட்டார் சுற்றவில்லை. அப்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்வார்கள். எளிய சோதனை, ஆனால் இதைவிடப் பயனுள்ளது குறைவு. வெளிச்சம் அப்படியே நின்றால் பெரிய மின்னோட்டம் எதுவும் கிளம்பவே இல்லை: செம்புத் தகடு கரிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாருக்குள் சுழலும் கம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம். வெளிச்சம் அணைவதுபோல் மங்கினால் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது, அல்லது ஓட முயல்கிறது: பேட்டரி நலிந்திருக்கிறது, இல்லையென்றால் மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போயிருக்கிறது.

இன்ஜின் இறுகுவது என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கிக் கிடந்தன. நீர் வடிந்ததும் பலரும் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பிப் பார்த்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் பார்த்த வண்டியில் ஒற்றை 'டக்' கேட்டு வெளிச்சமும் மங்கினால், செல்ஃப் மோட்டார் அங்கே ஒரு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சாவியைத் தொட வேண்டும். இதை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

சரி, மீட்டர். பேட்டரியின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. முழு சார்ஜ் என்று அர்த்தம். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த எண்கள் சரிதான். ஆனால் 12.6 காட்டும் பேட்டரி இன்ஜினைச் சுற்றும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சும்மா இருக்கும்போது கேட்டால் எல்லாப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் உப்புப் படிந்து முக்கால்வாசி அடைத்திருந்தாலும், திறக்காத குழாய் முனையில் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்து பார்த்தால்தான் நூல் போல ஒழுகுவது தெரியும். பேட்டரியையும் கேபிளையும் சாவி திரும்பியிருக்கும் அந்த இரண்டு நொடிக்குள் அளக்க வேண்டும். நம் வெப்பநிலையில், இன்ஜின் சுற்றும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நிற்பதுதான் பேட்டரி.

இந்த வேலை பார்ப்பவர்களில் நல்லவரையும் சுமாரானவரையும் பிரிக்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது என்பது நான் கண்டது. சுமாரானவர் கேபிளைக் கழற்றி இரு முனையிலும் மீட்டரை வைத்து ஓம் பார்ப்பார். பூஜ்யம் காட்டும். கேபிள் நன்றாக இருக்கிறது என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு ஏறி நூறில் ஒரு பங்கு ஓம் தடை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரால் அதைக் காண முடியாது. மீட்டரின் சொந்த வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். 225 வாட் சூடு அந்த ஒரு முடிச்சில் உருவாகும். கேபிளுக்குள் நூறு இழையில் பத்து இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் திருப்தியோடு பூஜ்யம் காட்டும். ஓய்வில் அளப்பது ஓய்வைத்தான் சொல்லும்.

நல்லவர் எதையும் கழற்ற மாட்டார். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் காரீயத்தின்மேல் நேராகவும், மறு முள்ளை மோட்டாரின் தடித்த போல்ட்டின்மேலும் வைப்பார். கேபிள் கிளாம்பின் மேல் வைக்காமல் காரீயக் கம்பத்தின் மேலேயே வைப்பது முக்கியம். கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையில்தான் களிம்பு ஒளிந்திருக்கும். சாவியைத் திருப்பச் சொல்வார். மீட்டர் காட்டும் எண், வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்து எந்த இடத்தில் தொலைகிறது என்று பிடித்துவிடலாம். பிறகு மைனஸ் பக்கம்: பேட்டரியின் மைனஸ் கம்பத்திலிருந்து மோட்டாரின் உடம்புக்கு. அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

மைனஸ் பக்கத்தைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. மின்சாரம் போகும் வழியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், திரும்பி வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பாடியிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு பின்னல் பட்டையோ தடித்த வயரோ போட்டிருப்பார்கள். போன அத்தனை ஆம்பியரும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் ஒருவரின் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாருதி 800 வந்தது. காலையில் சுற்றாது, சில சமயம் முனகும். வேறொரு இடத்தில் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று விலை சொல்லியிருந்தார்கள். இவர் பானெட்டைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இது எத்தன நாளா இப்படி?"

"ஒரு ரெண்டு வாரமா இருக்குமுங்கண்ணா."

"அதுக்கு முன்னாடி வண்டில என்ன வேல பாத்தீங்க?"

"கிளட்ச் மாத்துனோமுங்க. வேற ஒண்ணுமில்லீங்களே."

"கியர்பாக்ஸ எறக்குனாங்களா?"

"ஆமாங்க, எறக்கித்தான் போட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு, வண்டிக்காரரை நாலைந்து முறை விட்டு விட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். பிறகு பானெட்டுக்குள் கையை நீட்டி கிளட்ச் கேபிளைத் தொட்டார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. கிளட்ச் கேபிள் மின்சாரம் கடத்துவதற்குப் போட்டதல்ல. திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியாகப் போக முயன்றிருக்கிறது. ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் கடித்து வைத்துச் சாவியைப் போடச் சொன்னார். இன்ஜின் உடனே சுற்றிப் பிடித்துக்கொண்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸ் போல்ட்டில் மாட்ட வேண்டிய எர்த் பட்டை கிரீஸ் பூசிய இடத்தில் லொடலொடவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சுரண்டி, இறுக்கி, முடித்தார்.

அந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி, புது மோட்டாருக்குச் சொல்லப்பட்ட விலையின் சிறு துணுக்கு. இதை நினைத்தால் எனக்கு வருத்தம் வருகிறது. நம் பட்டறைகளில் பொருளுக்குத்தான் காசு. கண்டுபிடிப்பதற்குக் காசு கிடையாது. "என்ன பண்ணீங்க, ஒரு நட்டத்தான முறுக்குனீங்க" என்று பேரம் பேசுகிறோம். மோட்டாரை மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்போம், ரசீதும் வாங்கியிருப்போம். அவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும், தொட வேண்டிய இடம் கிளட்ச் கேபிள் என்று தெரிந்திருந்ததற்கும் விலை வைக்க நமக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் மெல்ல மெல்ல அலுத்துப்போய், "மாத்திருங்க சார்" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோட்டாரே பழுதாவதும் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. கார்பன் பிரஷ் தேயும். இரு பக்கத்துப் புஷ்ஷும் தேய்ந்தால், உள்ளே சுழலும் ஆர்மேச்சர் ஒருபக்கம் சாய்ந்து உரசும். அப்போது மோட்டார் கூடுதல் மின்சாரத்தைக் குடித்துக் குறைவாகச் சுற்றும். பினியனுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழி கிளட்ச் வழுக்கினால்தான் அந்தத் தனியான 'விர்ர்'. பட்டறைகளில் அந்தப் பினியன் தொகுதி முழுவதையுமே பெண்டிக்ஸ் என்கிறார்கள்; பழைய வண்டிகளில் பினியன் சுழற்சியின் வேகத்திலேயே திருகுப் பள்ளத்தில் ஓடிப் பல்லில் கோக்கும் முறையைக் கொண்டுவந்தவர் வின்சென்ட் பெண்டிக்ஸ், முறை மாறிய பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய வகை பல்லில் சிக்கிக்கொண்டால் வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டி விடுவிப்பார்கள்.

மோட்டாரைச் சுத்தியலால் தட்டும் வித்தை எல்லோருக்கும் தெரியும். தட்டினால் ஓடுகிறது என்றால் பிரஷ் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கம்யூட்டேட்டரில் ஒரு செத்த இடத்தில் வந்து நிற்கிறது. வீடு போய்ச் சேர அது போதும். தட்டித் தட்டி மாதக்கணக்கில் ஓட்டுவது கூடாது. இப்போது வரும் மோட்டார்கள் பலவற்றில் சுருளுக்குப் பதில் நிலைக்காந்தம் ஒட்டியிருக்கிறார்கள்; பலமாக அடித்தால் அது விரிசல் விட்டுவிடும். பழைய பழக்கத்தோடு சுத்தியலை ஓங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'கர்ரக்' என்ற உரசலில் எனக்கு வியப்பு தரும் ஒரு செய்தி இருக்கிறது. இன்ஜினை நிறுத்தும்போது அது கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்று அமுங்கத் தொடங்கி எதிர்க்கும் இடத்தில் தயங்கி நிற்கும். நாலு சிலிண்டர் இன்ஜினில் அப்படிப்பட்ட இடங்கள் ஃப்ளைவீலின் ஒரு சுற்றில் இரண்டுதான், எதிரெதிராக. ஆகவே ஒவ்வொரு காலையும் பினியன் போய் மோதுவது ஏறக்குறைய அதே பற்களில். ஃப்ளைவீலின் பல்வளையமான ரிங் கியரைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு இடத்தில் மட்டும் பல் மழுங்கி, மற்றதெல்லாம் புதுசு போல இருக்கும். மூன்று முறை உரசி நாலாம் முறை பிடிக்கும் வண்டிகளின் ரகசியம் இது. புது மோட்டார் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது. புதுப் பினியனும் மழுங்கிய பல்லில் மோதிச் சீக்கிரம் கெடும்.

சென்னைப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை தமிழ்நாட்டின் இரண்டு மூன்று தலைமுறை எலக்ட்ரீஷியன்களுக்கு இந்த மோட்டாரைக் கைப்பழக்கம் ஆக்கியது. அந்த இடத்துப் பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர்தான். புஷ், பிரஷ், சோலினாய்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடையில் கிடைத்ததால்தான் நம் ஊர்களில் மோட்டாரைப் பிரித்து மேயும் கலை வளர்ந்தது. ஆர்மேச்சர் எரிந்தால்கூடச் சுருளை மறுபடி சுற்றித் தர ஆள் இருந்தார்கள். இன்று மோட்டார் முழுசாக மாற்றும் பொருளாகிவிட்டது. சிறிதாகவும் இலேசாகவும் ஆகியிருக்கிறது, உள்ளே பற்சக்கரம் வைத்து வேகத்தைப் பலமாக்கியிருக்கிறார்கள்; பொறியியலாக அது நல்ல முன்னேற்றம். ஆனால் தேய்ந்த இரண்டு கார்பனுக்காக முழு மோட்டாரையும் தூக்கிப் போடுவதை என்னால் முன்னேற்றம் என்று ஏற்க முடியவில்லை.

புதுக் கார்களில் சந்தேகப் பட்டியல் நீண்டிருக்கிறது. கிளட்சை முழுசாக மிதித்தால்தான் சாவி வேலை செய்யும். அந்தப் பெடல் சுவிட்ச் கெட்டால் முழு மௌனம். ஆட்டோமேட்டிக்கில் கியர் லிவர் 'பி'யில் இருந்தும் கிளம்பாவிட்டால் 'என்'னுக்குத் தள்ளிப் பார்ப்பார்கள். டாஷ்போர்டில் சாவி விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை. கம்ப்யூட்டரைச் செருகினால் இவற்றில் பலவற்றைச் சொல்லிவிடும். ஆனால் களிம்பேறிய எர்த் பட்டையை எந்தக் கம்ப்யூட்டரும் பெயர் சொல்லிக் காட்டித் தராது; பேட்டரி அழுத்தம் குறைவு என்று மட்டும் சொல்லும், அதை நம்பிப் பேட்டரியை மாற்றுவார்கள். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் கார்களில் ஸ்டார்ட்டுகளின் எண்ணிக்கை பல மடங்கு. அதற்காக வலுவான மோட்டாரும் வேறு வகைப் பேட்டரியும் போடுகிறார்கள். சில மைல்டு ஹைப்ரிட் கார்களில் பெல்ட்டில் மாட்டிய ஒரே இயந்திரம் மோட்டாராக இன்ஜினைச் சுற்றிவிட்டு ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. 1912 கேடிலாக்கில் கெட்டரிங் வைத்ததும் அப்படி இரண்டு வேலை செய்யும் ஒரே இயந்திரம்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது, கடைக்கு வந்தால் காணாமல் போகும் பழுது. நாலு நாளைக்கு ஒரு முறை சந்தை வாசலில் மக்கர் செய்யும். பட்டறையில் இருபது முறை போட்டாலும் இருபது முறையும் சுற்றும். பொறுமையில்லாதவர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு எதையாவது மாற்றுவார். கோயம்புத்தூர்க்காரர் செய்வது வேறு. சோலினாய்டில் சாவி வயர் வந்து சேரும் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயரை, ஒரு ஃபியூஸ் போட்டு, உள்ளே இழுத்துவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன பல்பில் கட்டிவிடுவார். சாவியைத் திருப்பும்போதெல்லாம் அது எரியும். வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புவார்: அடுத்த முறை சுற்றாமல் நின்றால் பதறாதீர்கள், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பல்பைப் பாருங்கள். எரியாவிட்டால் சாவி, ரிலே, சுவிட்ச் பக்கம். எரிந்தால் கட்டளை மோட்டாரின் வாசல் வரை வந்துவிட்டது. சோலினாய்டு, மோட்டார், தடித்த கேபிள், எர்த் என்று மிச்சம். அப்படியே ஹெட்லைட்டையும் போட்டு, மங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் போனில் சொன்னால் போதும், என்ன சாமான் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.